பாலத்தின் நடுவில் போன கரண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த கையோடு மகள் டிவியில் ஏதோ ஒரு படத்தைப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். நான் படம் பார்க்கிற லட்சணம் அவ்வளவுதான். கை ஏதாவது வேலையில் இருக்கும், காது மட்டும் படத்தில் இருக்கும், பாதியில் தூக்கம் வந்துவிடும். அன்றைக்குத் தூக்கம் வருவதற்குள் ஒரு சத்தம் வந்தது. ஈரப் பலகையை மொண்ணை ரம்பத்தால் அறுப்பதுபோல, இழுத்து இழுத்து ஒரு சத்தம். என் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பனி மூடிய மலை, ஒரு தொங்கு பாலம், பாலத்தின் இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நிற்கிற கூட்டம்.

"அடியே, இந்தப் படமா!" என்று நான் போட்ட சத்தத்தில் மகள் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

"ஏம்மா, முன்னாடியே பாத்துட்டியா? முடிவைச் சொல்லித் தொலைக்காத."

"முடிவு எனக்கே தெரியாதுடி. பாதிதான் பாத்திருக்கேன்."

மகள் படம் பார்க்கிற முறை வேறு. படம் ஓடும்போதே செல்போனில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பாள். நன்றாக இருக்கிறது என்று ஊரே சொன்னால்தான் இவளுக்குப் படம் ருசிக்கும். அன்றைக்கும் வாசித்துக் காட்டினாள். ஒரு சத்தத்துக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்குமாம், காதில் பூ சுற்றுகிறார்கள் என்று ஒருவர். இந்த ஊரில் ஒருத்தனுக்குமா மூளை இல்லை என்று இன்னொருவர். "கரெக்டுதானேம்மா?" என்றாள். எனக்கு எங்கிருந்தோ உரச் சாக்கு வாசனை வந்துகொண்டிருந்தது.

அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு வேலை கிடைத்த புதிதுக்குப் போக வேண்டும். நான் தஞ்சாவூர்க்காரி. வீட்டுக் குழாயில் வருகிற காவேரிதான் எனக்குத் தெரிந்த காவேரி. அப்பேர்ப்பட்டவளைக் கிராம நர்சாக்கி, கொள்ளிடம் ஆற்றுக்கு நடுவில் இருந்த ஒரு திட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பாகப் போட்டார்கள். திட்டு என்றால் வெறும் மணல்மேடு என்று நினைத்துவிடாதீர்கள். வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம், கத்திரி, வெண்டை, பார்க்கிற பக்கமெல்லாம் முல்லைத் தோட்டம். ஒரு தலைமுறைக்கு முன்னால் மற்றவர் வயலில் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தவர்கள், ஆற்று மண்ணைத் திருத்திச் சொந்தமாகப் பயிர் வைத்த இடம். கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். மேலே அணை நிரம்பி மிச்சத்தைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் படகுதான்.

எனக்கு நீச்சல் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. படகில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். படகு ஓட்டிய கலியபெருமாள் அண்ணன், "நர்சம்மா, நீங்க விட்டாத்தான் பலகை எங்கூட வரும்" என்று கரை சேர்ந்த பிறகும் கிண்டல் செய்வார். முல்லைக் கூடைகளுக்கு நடுவில்தான் எனக்கு இடம் கிடைக்கும். இப்போதும் கடைத்தெருவில் முல்லைக் கூடையைத் தாண்டும்போது என் கை பலகையைத் தேடுகிறது. மற்றவர்களுக்கு முல்லை வாசனை கல்யாணத்தை நினைவுபடுத்தும், எனக்கு அந்தப் படகை.

அந்தத் திட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வளைகாப்பு போட்ட பெண், பிள்ளை பிறக்கும்வரை பெருகி ஓடுகிற தண்ணீரைத் தாண்டக்கூடாது. தாய்வீட்டுக்கு அனுப்புவதானால் ஆறு பெருகுவதற்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டதா, திட்டிலேயேதான். செல்வி என்று ஒரு பெண், அவளுக்குத் தாய் இல்லை. புருஷன் குவைத்தில். மாமியார் அஞ்சம்மாள்தான் அவளுக்கு எல்லாம். செல்விக்கு மாதம் ஏற ஏறப் பிரஷரும் ஏறிக்கொண்டிருந்தது. காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

"இங்கதான் பாத்துக்கணும். ஆத்துல எறக்க மாட்டேன்" என்று அஞ்சம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். குரல்கூட உயர்த்தவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த திமிர் என்றும் சொல்லலாம். படகில் திரும்பும்போது கலியபெருமாள் அண்ணனிடம் அந்த அம்மாளைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். அவர் துடுப்பை நிறுத்தாமல் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் இதேபோல் வெள்ளத்தில் ஒரு நிறைமாசக்காரியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். நடு ஆற்றில் படகு சாய்ந்துவிட்டது. ஆற்றோடு போன அந்தப் பெண் அஞ்சம்மாளின் நாத்தனார். கூடப் போனது அஞ்சம்மாள். "கையைப் புடிச்சிக்கிட்டேதான் கெடந்திருக்கு. தண்ணியில கை நிக்குமா நர்சம்மா?" என்றார். அதற்குப் பிறகு நான் அஞ்சம்மாள் எதிரில் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் பிரஷர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா இறங்கும்?

தண்ணீர் இன்னும் கூடும் என்று தண்டோரா வந்ததும் நான் மருந்துப் பையோடு திட்டிலேயே தங்கிவிட்டேன். அஞ்சம்மாள் வீட்டில்தான் எனக்குப் பாய். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் படம்.

செல்வியின் புருஷன் யாரிடமோ ஒரு டிவிடி ப்ளேயர் கொடுத்தனுப்பியிருந்தான். அரசாங்கம் கொடுத்த டிவியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வந்து, வெளிச்சம் விழாமல் ஜன்னல்களில் உரச் சாக்கைத் தைத்து மாட்டியாகிவிட்டது. கலியபெருமாள் அண்ணன் மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த சாமி படம். அட்டையில் சூலத்தோடு அம்மன். அஞ்சம்மாள் டிவிக்குச் சூடம் காட்டினார், பொட்டு வைத்தார். பார்த்தால், உள்ளே இருந்தது இந்தப் பனிமலைப் படம்! வெள்ளைக்காரர்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். நிறுத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார். சூடம் காட்டியதை எப்படி நிறுத்துவது என்று பார்க்க உட்கார்ந்துவிட்டோம்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மலைமேல் ஓர் ஊர். எதிர்மலைக்குப் போக ஒரே ஒரு தொங்கு பாலம். சாயங்காலமானால் எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த ரம்பச் சத்தம் வரும். போனவர் யாரும் திரும்பி வரவில்லை. அதனால் ஊரே பாலத்தை மறந்து, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. ஒருத்தியின் புருஷன் போய் வரவில்லை. அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்தில் கால் வைக்கிறாள். மறுமுனையை ஊர்ப் பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் நரைத்த தலையோடு ஒருத்தி.

நீங்கள் எத்தனையோ பேரோடு படம் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் வெள்ளம் ஓடுகிற திட்டில் உட்கார்ந்து இப்படி ஒரு படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சாக்குக்கு நடுவே தெரிந்த ஒளியில் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேய்க்குப் பயந்தவர் ஒருவரும் இல்லை. கயிற்றைப் பற்றித்தான் பேச்சு. "நாருக் கயிறுடா அது, ஈரம் பட்டா வழுக்கும்." "இடுப்புல சுருக்கு போட்டிருக்கா, இழுத்தா இறுகிரும்." "முதல்ல ஒரு ஆட்டை அனுப்பிப் பாத்திருக்கலாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பாலத்தின் நடுவுக்குப் போனாள். ரம்பச் சத்தம் நெருங்கியது. பேச்சு அடங்கிவிட்டது. செல்வி என் புஜத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல்கள் வீங்கிச் சில்லென்று இருந்தன. பாலத்தில் ஒரு பலகை உடைந்தது. அவள் தொங்கினாள். கரண்ட் போய்விட்டது.

போன கரண்ட் வரவில்லை. ஆற்றைத் தாண்டி வருகிற கம்பத்தில் ஒன்று சாய்ந்துவிட்டதாம். தண்ணீர் வடிந்தால்தான் ஆள் வருவார்கள். ஆக, திட்டு முழுவதும் அந்தப் பெண்ணை நடுப் பாலத்தில் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனது.

அதற்குப் பிறகு அங்கே வேறு பேச்சே இல்லை. தண்ணீர் ஏறுகிறதா என்று கரைக்குப் பார்க்கப் போகிறவர்கள் நின்று இதைத்தான் பேசினார்கள். இழுத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள் என்று ஒரு கட்சி. "எதுத்தாப்புல ஒண்ணுமே இருக்காது, காத்து அடிக்கிற சத்தமா இருக்கும்" என்றார் கலியபெருமாள் அண்ணன். எனக்கோ வேறு கணக்கு. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்து, அஞ்சம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன். "பாத்தீங்களாம்மா, தைரியமா ஒருத்தி கெளம்பினாத்தானே வழி தெரியும்? பயந்துகிட்டே இருந்தா ஊரு என்னாகும்?"

அவர் திரும்பவில்லை. "எல்லாரும் போறவளையே பாக்குறீங்க. கயித்தைப் புடிச்சிருந்தாளே முன்னால, அவ கையைப் பாத்தீங்களா நர்சம்மா?"

நான் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் ஒருத்தரைத் தவிர யாருமே பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். என் நல்ல சமயத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனேன்.

இரண்டொரு நாளில் செல்வி காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். பிரஷர் பார்த்தேன், கருவி பழுதோ என்று மறுபடி பார்த்தேன். வலிப்பு வந்துவிட்டால் என் பையில் இருக்கிற மருந்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தாயும் போவாள், பிள்ளையும் போகும். பூசி மெழுகாமல் அதை அப்படியே அஞ்சம்மாளிடம் சொன்னேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறு செம்மண் கரைந்த செங்காமட்டி நிறத்தில், மரங்களை உருட்டிக்கொண்டு போனது. கலியபெருமாள் அண்ணன் வாசலில் வந்து நின்றார். "நான் மாட்டேன்னு சொல்லல. பெரியம்மா சொல்லணும்" என்றார்.

அஞ்சம்மாள் சுவரில் சாய்ந்து நின்றார். வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்விதான் பாயில் படுத்தபடியே கேட்டாள்.

"அத்தை, அந்தப் பொம்பளை தாண்டிட்டாளா?"

அஞ்சம்மாள் சுவரை விட்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்தார்.

"தாண்டிட்டா" என்றார். "எந்திரி."

வெள்ளத்தில் படகை நேராக விடமுடியாது. கரையோரமாகவே ஓட்டத்துக்கு எதிராக மேற்கே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து குறுக்கே விட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தள்ளுகிற தள்ளலில் எதிர்த் துறையில் போய்ச் சேரும். இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் இறங்கி இழுத்தார்கள். படகைக் குறுக்கே விடுவதற்கு முன்னால் அஞ்சம்மாள் செல்வியின் முந்தானையை எடுத்துத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் யூனிஃபார்ம் சேலையை வரிசையாகப் பின் குத்திக் கட்டியிருப்பேன். அவர் என் முந்தானையை இழுத்த இழுப்பில் பின் தெறித்து, ஜாக்கெட் தோள் கிழிந்தது. படகு கவிழ்ந்தால் மூன்று பேரும் ஒன்றாகப் போய்ச் சேருவோம் என்று நீச்சல் தெரியாத எனக்கே தெரிந்தது. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மாளுக்குத் தெரியாதா? ஆண்கள் கையை எடுத்தார்கள். படகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பாய்ந்தது.

ஒரு கையில் பலகை, ஒரு கையில் செல்வியின் நாடி. அவளுக்கு வலியும் எடுத்துவிட்டது. அஞ்சம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். என்ன பேசுகிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. படத்தை, கரண்ட் போன இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொங்குறாளா, ஊரே இழுன்னு கத்துது. முன்னால நின்னாளே, அவ சொல்றா, இழுக்காதீங்கடி, விட்டுக் குடுங்கடின்னு. விட்டுக் குடுக்க விட்டுக் குடுக்க இவ பலகையில ஏறிட்டா. ஏறி நடக்குறா. கயிறு தீந்து போச்சு. அப்ப அவ என்ன பண்ணினா தெரியுமா? போத்தியிருந்த கம்பளிய எடுத்துக் கயித்து நுனியில முடிஞ்சா. அடுத்தவ அவளோடதை முடிஞ்சா. குளிர்ல வெடவெடன்னு நடுங்குறாளுவ, ஆனா முடியிறாளுவ..."

ஒரு மரம் வந்து படகின் வயிற்றில் இடித்தது. படகு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றியது. "புடிச்சுக்கங்க!" என்று அண்ணன் கத்தினார். தண்ணீர் என் மடிக்கு மேலே வந்து விழுந்தது. அஞ்சம்மாளின் நாத்தனாரைப் பற்றி அண்ணன் சொன்னதுதான் எனக்கு நினைவு வந்தது, நடு ஆறு என்று சொன்னாரே, அது இந்த இடம்தானோ என்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஒருமுறை கண்ணைத் திறந்தபோது அஞ்சம்மாள் செல்வியின் காதருகே குனிந்திருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. காற்றிலும் தண்ணீர் இரைச்சலிலும் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகத்தில் பயம் இல்லை. கதையை முடிக்கிற அவசரம்தான் இருந்தது. கரை தட்டும்வரை அவர் நிறுத்தவில்லை.

முடிச்சுகள் நனைந்து இறுகிப்போயிருந்தன. கத்தரிக்கோலை எடுத்தேன், அஞ்சம்மாள் என் கையைத் தட்டிவிட்டார். நான் போனில் சொல்லித் துறைக்கு வரவழைத்திருந்த ஆம்புலன்ஸில் மூன்று பேரும் கோத்தபடியே ஏறினோம். பிரசவ அறை வாசலில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகைச் சத்தம் ஆஸ்பத்திரியைக் கூட்டியது. அஞ்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போதுதான் அழுதேன்.

தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்தபோது ப்ளேயர் புகைந்து செத்துப்போனது. படத்தின் முடிவு யாருக்கும் கிடைக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது, அது என்ன சத்தம், படகில் என்னதான் சொன்னீர்கள் என்று நான் அஞ்சம்மாளை ஒருமுறை கேட்டேன். "என்னத்தையோ ஒளறினேன், போங்க நர்சம்மா" என்று சிரித்தார். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். மாற்றல் வந்து போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தேன். சத்தம் நெருங்கியதும் ஊர்க்காரர்கள் பயந்துபோய் எல்லோருமாகக் கயிற்றை இழுக்கிறார்கள். வெறும் கயிறு வருகிறது. அவ்வளவுதான், இருட்டு, பெயர்கள் ஓடுகின்றன. "ச்சே, இதுக்கா ரெண்டு மணி நேரம்!" என்று மகள் செல்போனை எடுத்து மற்றவர்களோடு சேர்ந்து திட்டப் போய்விட்டாள். என்னால் உட்கார முடியவில்லை. செல்விக்குப் போன் போட்டேன்.

அவள் இப்போது இக்கரையில், சீர்காழிப் பக்கம் இருக்கிறாள். படம் முடிந்த விதத்தைச் சொன்னேன். "தப்பா எடுத்திருக்காங்கக்கா. அத்தை சொன்னதுதான் சரி" என்றாள்.

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு சொன்னாங்க செல்வி?"

"கம்பளி முடியிற வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். அப்பறம் வலி. குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, என்ன சொன்னாங்கன்னு தெரியல." பிறகு யாரையோ கூப்பிட்டாள். "ஏண்டி, வயித்துக்குள்ள இருந்து நீதானே முழுசாக் கேட்ட? பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு, சொல்லு."

"எந்தப் பாலம்மா?" என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டது. கல்லூரிக்குப் போகிற பெண்ணின் குரல்.

கலியபெருமாள் அண்ணன் படகை விட்டுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டாராம். அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் திட்டின் பாதி ஆற்றோடு போனது. மிச்சம் இருந்தவர்களுக்குக் கரையில் வீடு கொடுத்துவிட்டார்கள். முல்லைத் தோட்டம் இருந்த இடத்தில் நாணல். சாக்குத் தொங்கவிட்ட பள்ளிக்கூடத்தின் தூண்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றனவாம். அஞ்சம்மாள் போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் நிறைமாசக்காரிகளுக்குத் துணையாகப் படகில் அவர்தான் போவாராம், முந்தானையை முடிந்துகொண்டு.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உட்கார வைத்து, அஞ்சம்மாள் சொன்ன முடிவைச் சொன்னேன். கயிற்றை விட்டுக் கொடுத்தது, அது தீர்ந்துபோனது, பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே கம்பளிகளை முடிந்தது.

செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.